ஃபேமிலி செக்ஷன் மாடியில்

யோசனை உதித்தபோது என் மடியில் ஒரு கிரைண்டர் கல் இருந்தது.

புனே ஸ்டேஷனிலிருந்து விஷ்ராந்த்வாடிக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். பெரியம்மா மகள் சுதா அக்கா அங்கேதான் இருக்கிறாள்; வங்கியில் வேலை. அவளுடைய கிரைண்டரின் கல் தேய்ந்துவிட்டது, இங்கே கிடைக்கும் கல்லில் ஆட்டினால் மாவு பொங்க மறுக்கிறது என்று கோயம்புத்தூருக்குப் புகார் வந்தபடியே இருந்தது. நான் ஒரு வேலையை விட்டுவிட்டு அடுத்ததில் சேராமல் இருந்த நேரம். "சும்மாதானே உக்காந்திருக்கே, கல்லைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். ஒரு கல்லுக்குத் துணையாக ரயிலேறிய முதல் எஞ்சினியர் நானாகத்தான் இருப்பேன்.

சிக்னலில் ஆட்டோ நின்றது. எதிரே ஒரு போர்டு: 'பெர்மிட் ரூம்'. அடுத்த சிக்னலில் இன்னொரு பெர்மிட் ரூம். மூன்றாவதைப் பார்த்ததும் பொறுக்க முடியாமல் டிரைவரிடம் கேட்டேன், என்ன பெர்மிட் என்று.

"குடிக்கிறதுக்குப் பெர்மிட், மேடம். இங்கே பாருக்கு அதுதான் பேரு."

"அந்தப் பெர்மிட்டை யார் குடுப்பாங்க?"

"அது தெரியாது. எங்கிட்ட இல்ல, எங்கப்பாகிட்டயும் இல்ல. ரெண்டு பேரும் குடிக்கிறோம்."

இந்த ஊரில் பழைய பார்கள் உண்டா என்று கேட்டதும் மனிதர் முழுசாகத் திரும்பிவிட்டார். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஹாரன்கள் அலறின. அவருக்குக் கவலையே இல்லை. "கேம்ப் பக்கம் போங்க. வெள்ளைக்காரன் அடிச்ச ஆணியே இன்னும் சுவத்துல இருக்கு. அவன் தொப்பி மாட்டின ஆணி!"

எனக்கு அது போதும். பழைய கடை என்றால் எனக்குக் கிறுக்கு. ஊரில் பழைய காபிக் கடை, பழைய போட்டோ ஸ்டுடியோ, பழைய சைக்கிள் கடை என்று ஒன்றையும் விட்டதில்லை. நுழையாத ஒரே இடம் பார். நம் ஊரில் கம்பி வலைக்குள் கையை நீட்டி வாங்கும் கடையும் அதை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையும்தான் உண்டு. அங்கே சரித்திரம் இருக்கலாம், உட்கார இடம் இல்லை. இங்கேயோ சுவரில் ஆணி இருக்கிறது! ஊர் திரும்புவதற்குள் புனேயின் பழைய பார்களைப் பார்த்துவிடுவது என்று அந்த ஆட்டோவிலேயே தீர்மானித்தேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையை அம்மா படிப்பார். ஆகவே நான் போன எல்லா இடத்திலும் எலுமிச்சை சோடா குடித்தேன்.

சுதா அக்காவின் கணவர் ரமேஷ் மாமா கசார்வாடியில் பிறந்தவர். அவருடைய தாத்தா காலத்திலேயே குடும்பம் தொழிற்சாலை வேலைக்கு வந்துவிட்டது. மாமாவின் தமிழ் குருமா மாதிரி, எல்லாக் காயும் கிடக்கும். என் திட்டத்தைக் கேட்டதும் அவர் சப்பாத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அரே பாபா, பார் எல்லாம் உனக்கு எதுக்கு? சனிவார் வாடா பாரு, ஆகா கான் பேலஸ் பாரு. டிக்கெட் நான் எடுக்கறேன் நா."

"ஏன் மாமா, லேடீஸ் போகக் கூடாதா?"

"போகலாம். மத்லப், போறாங்க. ஆனா போறதில்ல."

அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "கூட்டிட்டுப் போங்க. இல்லாட்டி அவ தனியாப் போவா. அப்புறம் எங்கம்மாவுக்கு நாந்தான் பதில் சொல்லோணும்."

மறுநாள் மாலை ஸ்கூட்டரில், வெள்ளைக்காரன் காலத்து ராணுவக் குடியிருப்பான கேம்புக்குப் போனோம். ஆட்டோ டிரைவர் சொன்ன இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. கல் கட்டடம், உயரமான மர வாசல். வாசல் வழியே உள்ளே பளிங்கு மேஜை ஒன்றின் மூலை தெரிந்தது. நான் ஒரு காலை உள்ளே வைத்தேன். அதே நொடியில், எங்கிருந்தோ முளைத்த வெயிட்டர் ஒருவர் இரண்டு கைகளாலும் மாடிப்படியைக் காட்டினார்.

"மேடம், ஃபேமிலி செக்ஷன் மேலே."

"நான் ஹாலைப் பார்க்கணும்."

"ஏசி இருக்கு மேடம். மீன் தொட்டி இருக்கு."

எனக்குத் தெரிந்த இந்தி, பரீட்சைக்காக டியூஷனில் படித்த இந்தி. அந்த இந்தியில், கீழ்த்தளத்தின் கட்டடக் கலையைக் கண்டு களிக்க விரும்புகிறேன் என்றேன். வெயிட்டர், செய்தி கேட்கிறவர் மாதிரி மரியாதையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு மறுபடி மாடிப்படியைக் காட்டினார்.

முறை இதுதான் என்று மாமா ஏறும்போது விளக்கினார். கீழே ஆண்கள். பெண் ஒருத்தி கூட இருந்தால் அது ஃபேமிலி, ஃபேமிலிக்கு மாடி. அந்தப் பெண் யாரோடு வந்தாள், தனியாக வந்தாளா என்பதெல்லாம் கணக்கில்லை. நான் ஒருத்தியாகப் போனாலும் நான் ஒரு குடும்பம்.

அந்த மாடியைப் பற்றி எழுத எதுவும் இல்லை. பிளாஸ்டிக் திராட்சைக் கொத்து, ஊதா விளக்கு, மீன் தொட்டி. தொட்டியில் ஒரே ஒரு மீன், அதுவும் எங்களைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டது. வேகவைத்த கடலையில் வெங்காயம் தூவி ஒரு தட்டு வந்தது. நாம் கேட்காமலேயே வருவது, பிரமாதமாக இருந்தது. மசாலா அப்பளமும் வஞ்சிர வறுவலும் சொன்னோம். மீனுக்கு முன்னால் உட்கார்ந்து மீன் சாப்பிடுவது கொஞ்சம் சங்கடம்தான்.

பெர்மிட் ஞாபகம் வந்தது. நினைவுப் பொருளாக ஊருக்குக் கொண்டு போகலாமே என்று வெயிட்டரிடம் கேட்டேன். அவர் போய் இன்னொருவரை அழைத்து வந்தார், அவர் போய் மேனேஜரை அழைத்து வந்தார்.

"என்ன பெர்மிட், மேடம்?"

"வெளியே போர்டில் எழுதியிருக்கே."

மேனேஜர் போர்டை இன்றைக்குத்தான் முதல்முறை கேள்விப்படுகிறவர் போல் என்னைப் பார்த்தார். பிறகு மாமாவின் காதருகே குனிந்து, மேடத்துக்கு என்ன வேலை, ஆபீஸ் எது என்று விசாரித்தார். கிரைண்டர் கல் கொண்டு வந்தவர் என்று மாமா உண்மையைச் சொன்னார். அதன்பிறகு யாரும் எங்கள் மேஜைப் பக்கம் வரவில்லை.

மூலையில் ஒரு பையனும் பெண்ணும் மட்டும் மெனு அட்டைக்குப் பின்னால் முகத்தை மறைத்தபடி இருந்தார்கள். மாமா கை கழுவ எழுந்தபோது மெனு அட்டை நழுவியது. பையன் மாமாவின் ஆபீஸில் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன்.

"சார்!"

"அரே, சந்தீப்!"

பையன் என்னைப் பார்த்தான். மாமா அந்தப் பெண்ணைப் பார்த்தார். "இது என் மனைவியோட தங்கச்சி" என்றார் மாமா. "இதுவும் என் அத்தை பொண்ணுதான் சார்" என்றான் பையன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பவில்லை. கீழே இறங்கும்போது மாமாவுக்கு வியர்த்திருந்தது. "இனி நான் எந்த பாருக்கும் வரமாட்டேன். ஃபைனல்" என்றார்.

ஹாலில் பார்த்தது அந்தப் பளிங்கு மூலை மட்டும்தான். ஆணி இருந்ததா என்று தெரியாது.

அடுத்த நாள் தனியாகக் கிளம்பினேன். பழைய நகரத்தின் பேட்டைகளில் ஒன்றில் ஒரு பார் இருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் போவதுதான் பயணம் என்று ஒரு வீம்பு. இங்கே பஸ் எண்ணை மராத்தி எழுத்தில் எழுதியிருப்பார்கள். டியூஷனில் படித்த எண்கள்தானே என்று நம்பிக்கையோடு ஏறி உட்கார்ந்தேன். நகரம் அடர்ந்துகொண்டே வரும் என்று எதிர்பார்த்தால், மெலிந்துகொண்டே போனது. பஸ்ஸில் இருந்த எல்லாருடைய நெற்றியிலும் சந்தனம். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஆற்றங்கரை, கோயில், தாளச் சத்தம், துளசி மாலைக் கடைகள். பார் தேடிப் புறப்பட்ட நான் ஆளந்திக்கு வந்து சேர்ந்திருந்தேன். மகான் சமாதி கொண்ட ஊர்.

தேநீர்க் கடையில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் என் நெற்றி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தன் டப்பாவைத் திறந்து தானே இட்டுவிட்டார். "எங்கேம்மா போகணும்?" என்றார். பொய் சொல்ல வரவில்லை. "ரொம்பப் பழைய இடம் ஒண்ணைத் தேடி வந்தேன்" என்றேன். "சரியாத்தான் வந்திருக்கே" என்று சொல்லி என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

ஆக, அன்று சாயங்காலம் அந்தப் பேட்டை பாருக்குள் நான் நுழைந்தபோது நெற்றி நிறையச் சந்தனம். உள்ளே ஒருவர் சிகரெட்டைக் காலுக்கடியில் போட்டு மிதித்தார். நன்கொடைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கல்லாக்காரர் டிராயரைத் திறந்தார். உட்கார வந்தவள் என்று புரிய வைத்தபின்தான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அந்தக் கடைக்கு மாடியே கிடையாது.

வெயிட்டர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு மேஜையைச் சுவரோரமாக இழுத்தார்கள். ஒரு பக்கம் குளிர்பானப் பெட்டியைத் தள்ளிவந்து நிறுத்தினார்கள். மறுபக்கத்துக்கு ஜன்னலின் திரைச்சீலையைக் கழற்றி வந்தார்கள். மாட்ட ஆணி இல்லை. ஆகவே ஒரு வெயிட்டர் திரையின் ஒரு நுனியைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்றார்.

"உங்களுக்குக் கை வலிக்கலையா அண்ணா?"

"ஃபேமிலி வந்தா செஞ்சுதானே ஆகணும் மேடம்" என்றது திரை.

அந்த பாரின் சரித்திரச் சிறப்பு, நான் பார்த்தவரை, பச்சை நிறத்தில் பூப்போட்ட துணி.

வீட்டில் இதைக் கேட்டு அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "ராஸ்தா பேட்டைல மோர்பீஸ்னு ஒண்ணு இருக்கு. மயிலிறகுன்னு அர்த்தம். அதான் அஸ்ஸல் பழசு. ஆனா நான் வரமாட்டேன்" என்றார். வரமாட்டேன் என்று சொன்னவர் மறுநாள் மாலை தெருமுனைவரை ஸ்கூட்டரில் விட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே திரும்பிப் போனார்.

மோர்பீஸின் வாசலில் நின்ற வெயிட்டர் பெயர் தாமு. நரைத்த மீசை, தோளில் துண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய கை மாடிப்படியைக் காட்டிவிட்டது. இந்த முறை நான் வாதாடவில்லை. ஏறினேன். மேலே யாரும் இல்லை. வழக்கமான மீன் தொட்டி. ஆனால் தரை மரத்தரை! பழைய ஹாலுக்கு மேலே பரண் மாதிரி கட்டிய தளம். பலகைகளுக்கு நடுவே மூன்று விரல் நுழையும் இடைவெளிகள். எலுமிச்சை சோடாவை வைத்துவிட்டுத் தாமு கீழே இறங்கியதும் நான் மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்தேன்.

கடைசியில் ஒரு சரித்திர பாரைப் பார்த்துவிட்டேன், மேலேயிருந்து. நேர் கீழே ஜன்னலோர மேஜை. வளைந்த கைகள் கொண்ட கறுப்பு நாற்காலிகள் நான்கு. மூன்றில் மூன்று வழுக்கைகள், ஒன்று காலி. அகலமான வழுக்கைக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். மராத்தியும் இந்தியும் கலந்த பேச்சு; பேச வராவிட்டாலும் என் டியூஷன் இந்திக்குப் புரிந்தது.

"டேய், உங்கப்பன் நாற்காலிடா அது! அஞ்சு நிமிஷம் வந்து உக்காந்துட்டுப் போ... என்னது, ஜிம்மா?... புரோட்டீன் குடிக்கிறவன் உக்காரக் கூடாதுன்னு எவன்டா சொன்னான்?"

போனை மேஜையில் போட்டார். "வரமாட்டானாம்."

ஒல்லியான வழுக்கை பதறியது. "முதலாளி அண்ணா ஊதுபத்தி ஏத்திட்டாரு போஸ்லே. கல்லாவுக்குக் காட்டிட்டிருக்காரு."

"காலைல அவன் அப்பனுக்கு ஆபரேஷன். மயக்கம் தெளிஞ்சு முதல்ல என்ன கேட்டான் தெரியுமா குல்கர்ணி? பொண்டாட்டியக் கேக்கல. மேஜை இருக்கான்னு கேட்டான். இருக்குன்னு சொல்லிட்டேன்."

நன்றாகக் கேட்பதற்காக முகத்தை இடைவெளியில் அழுத்தினேன். என் கண்ணாடி காதிலிருந்து நழுவி, பலகை இடுக்கு வழியே விழுந்து, போஸ்லேயின் கிளாஸுக்குள் முழுகியது.

மூன்று வழுக்கைகளும் மேலே நிமிர்ந்தன. எனக்கு மூன்று சந்திரன்கள் மாதிரித் தெரிந்தன. கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு ஒரு முழத்துக்கு அப்பால் உலகம் கிடையாது. கைப்பிடியைத் தடவித் தடவிப் படியிறங்கினேன். "மேடம், ஃபேமிலி செக்ஷன்..." என்று தாமு ஆரம்பித்தார். "கண்ணாடி" என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டி, மங்கலாகத் தெரிந்த ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் போனேன். இரண்டு கைகள் என் தோளைப் பிடித்து அழுத்தின. அடியில் ஒரு நாற்காலி இருந்தது.

"உக்காரும்மா. எழுந்திரிக்காதே. என்ன நடந்தாலும் எழுந்திரிக்காதே" என்றார் போஸ்லே.

நடந்தது என்னவென்று குல்கர்ணி என் காதில் வேகமாகச் சொன்னார். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் முதலாளி ஷெட்டி ஊதுபத்தி ஏற்றுவார். சாமி படங்கள், கல்லா, பாட்டில்கள், கடைசியில் ஒவ்வொரு மேஜை. அவருடைய அப்பா தொடங்கிய வழக்கம். புகை வரும்போது எந்தக் கூட்டம் நாலு நாற்காலியையும் நிரப்பி உட்கார்ந்திருக்கிறதோ, மறுநாளும் அந்த மேஜை அவர்களுடையது. ஒரு நாற்காலி காலி என்றால் மேஜை போயிற்று, அடுத்த கூட்டத்துக்கு. இந்த ஜன்னலோர மேஜை இவர்கள் கையில் பல வருஷமாக இருக்கிறது. நாலாமவர் வாக் தன் மகள் கல்யாணத்தன்று தலைப்பாகையோடு ஓடிவந்து புகை வாங்கிக்கொண்டு போனவர். இன்று அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். ஹாலில் இருந்த மற்ற யாரையும் கூப்பிட முடியாது. எழுந்தால் அவரவர் மேஜை போய்விடும்.

"போனா எங்கே உக்காருவீங்க?"

குல்கர்ணி கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார். எனக்குத் தெரியவில்லை, வாசனை வந்தது. அங்கேதான் பப்பு சேட்டின் கூட்டம் இத்தனை காலமாக உட்கார்ந்து, இங்கே ஒரு நாற்காலி காலியாகக் காத்திருந்தது. பிளாட் வாங்கி விற்கும் தரகர்கள் நாலு பேர்.

புகை எங்கள் மேஜையை நெருங்கியதும் கழிப்பறைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அண்ணா! நிறுத்துங்க! அது லேடீஸ்!"

எல்லாரும் ஷெட்டியை அண்ணா என்றுதான் கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்களும்கூட. தெற்கிலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர் யாராயிருந்தாலும் அண்ணாதான். அந்த அண்ணா இப்போது என் முன்னால் வெள்ளையாக, உயரமாக, புகையோடு ஒரு கலங்கல் உருவமாக நின்றார்.

"லேடீஸ் ஹால்ல உக்காரக் கூடாது. அது நம்ம கடை வழக்கம். அப்போ அந்த நாற்காலி காலி!" என்றார் பப்பு சேட்.

குல்கர்ணி எழாமலேயே கத்தினார். எழுந்தால் அவருடைய நாற்காலியும் காலியாகிவிடுமே. "எந்த போர்டுல எழுதியிருக்கு? ஃபேமிலி செக்ஷன் மேலேன்னுதான் இருக்கு. கீழே உக்காரக் கூடாதுன்னு இல்ல!"

"ஆள் உக்காந்திருக்கு, நாற்காலி காலின்னா எப்படிடா?" என்றார் போஸ்லே. "கண்ணு தெரியலயா?"

"எனக்குத்தான் தெரியலை" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

"அவங்க உங்க ஆளே இல்ல. யாருன்னு கேளுங்க அண்ணா!"

"வாக்கோட தம்பி பொண்ணு!" என்று போஸ்லே ஒரே போடாகப் போட்டார்.

ஊதுபத்தி எரிந்து குறைந்துகொண்டிருந்தது. பாதியில் அணைந்தால் அபசகுனம், அணைவதற்குள் கடைசி மேஜைவரை போயாக வேண்டும். ஷெட்டி என் பக்கம் குனிந்தார். என் இந்தியைக் கேட்டே ஊரைக் கண்டுபிடித்திருப்பார் போல. கன்னட வாசனையடித்த தமிழில் கேட்டார்.

"வாக் வீட்டுப் பொண்ணா நீ? சாமி புகை கையில இருக்கு. நிஜம் சொல்லு."

மேஜைக்கடியில் போஸ்லேயின் கால் என் காலை மிதித்தது. ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் அந்தப் புகை நேராக என் முகத்தில் வந்துகொண்டிருந்தது.

"இல்லைங்க. எனக்கு வாக் யாருன்னே தெரியாது. கோயம்புத்தூர்ல இருந்து வந்தேன். உங்க ஹாலைப் பார்க்கணும்னு ஆசை. எங்கே போனாலும் மாடிக்கு அனுப்பிடறாங்க. மேலேயிருந்து எட்டிப் பார்த்தேன், கண்ணாடி விழுந்துருச்சு. இப்ப உள்ளே வந்துட்டேன், ஒண்ணும் தெரியலை."

போஸ்லே காலை எடுத்துக்கொண்டார். தமிழ் புரியாவிட்டாலும் ஷெட்டியின் முகத்தில் புரிந்திருக்க வேண்டும். மூன்றாமவர் சாவந்த், அதுவரை பேசாதவர், தன் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார், கிளம்பத் தயாராக. பப்பு சேட்டின் மேஜையில் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"யாரும் எழுந்திரிக்காதீங்க!" என்றார் ஷெட்டி. "எங்கப்பா புகை காட்டினது நாற்காலி நிறைஞ்சிருக்கான்னு பாத்து. உக்காந்தவங்க யார் வீட்டுப் புள்ளைன்னு அவர் கேட்டதில்ல. இந்த நாற்காலி நிறைஞ்சிருக்கு."

"லேடீஸ் ஹால்ல உக்காந்திருக்காங்களே அண்ணா, அதுக்கு என்ன?" பப்பு சேட் விடவில்லை.

ஷெட்டி யோசித்தார். சாம்பல் அவர் விரல் மேல் விழுந்தது.

"லேடீஸ் உக்காந்த இடம் ஃபேமிலி செக்ஷன். அதுவும் வழக்கம்தானே? தாமு, மேலே போய் போர்டைக் கழட்டிட்டு வா."

தாமு போர்டோடு இறங்கினார். ஜன்னலுக்கு மேலே சுவரில் ஏற்கெனவே ஒரு பழைய ஆணி இருந்தது. என் தலைக்கு நேர் மேலே 'ஃபேமிலி செக்ஷன்' தொங்கியது. ஷெட்டி புகையை எங்கள் மேஜையைச் சுற்றிக் காட்டிவிட்டு, எரிந்து முடியும் பத்தியோடு கழிப்பறைப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"அண்ணா, மீன் தொட்டியையும் இறக்கணுமா?" என்று தாமு கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையான சந்தேகம்.

மேஜை பிழைத்தது. ஆனால் குடும்பப் பகுதிக்கு விதிகள் உண்டு. சிகரெட் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. போஸ்லே இரண்டு முறை வாயைத் திறந்து, போர்டைப் பார்த்து, கடலையைப் போட்டு மூடிக்கொண்டார். தாமு என் கண்ணாடியைச் சோடாவில் கழுவிக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் கீறல், இரண்டு பக்கமும் ரம் வாசனை. மாட்டிக்கொண்டு பார்த்தேன். ரசம் போன பெரிய நிலைக்கண்ணாடி, வெடித்த பளிங்கு, கழுத்து நீண்ட மின்விசிறிகள். அத்தனையையும் ஒரு வழியாகப் பார்த்தேன். அத்தனை மேஜைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

குல்கர்ணி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எல்லாரும் கேட்க ஸ்பீக்கரில் வைத்தார்.

"வாக், மேஜை இருக்கு!"

"என் பையன் வந்தானா?" குரல் நைந்திருந்தது.

"இல்லடா. ஒரு பொண்ணு உக்காந்துது. எஞ்சினியர், கோயம்புத்தூரு."

அந்தப் பக்கம் ஏதோ உருண்டது. வேறொரு குரல் வந்தது, நல்ல கனமான பெண் குரல். "எந்தப் பொண்ணு?"

குல்கர்ணி போனை சாவந்திடம் தள்ளினார். சாவந்த் போஸ்லேயிடம் தள்ளினார். வாக்கின் மனைவி சுரேகா அண்ணி. மோர்பீஸுக்கு அவர் வைத்த பெயர் சக்களத்தி வீடு என்பதை எனக்குப் பிறகு சொன்னார்கள்.

"பொம்பளைங்க உள்ளே வரக் கூடாதுன்னு சொன்னீங்களே எல்லாரும்? கல்யாணமான புதுசுல நானும் வரேன்னு கேட்டேன். சட்டமே அப்படின்னு இந்த மனுஷன் சொன்னாரு. போலீஸ் பிடிக்கும்னாரு! இப்ப யாரோ ஒரு எஞ்சினியர் வந்து உக்காந்திருக்கா?"

மூன்று பேரும் போர்டைப் பார்த்தார்கள். "அண்ணி, அது வந்து..." என்று போஸ்லே ஆரம்பித்தபோது போன் துண்டிக்கப்பட்டது.

"நாளைக்கு யாரை உக்கார வைப்பீங்க?" என்று பப்பு சேட் அங்கிருந்தே கேட்டார். "டாக்டர் வாக்கை ரெண்டு வாரம் அசையக் கூடாதுன்னிருக்காராமே? நாங்க இருக்கோம். அவசரமில்ல."

நான் நாளை மாலை ரயிலேற வேண்டியவள். தட்டில் இருந்த கடலை அப்படியே இருந்தது.

"அண்ணியையே கூப்பிடலாமே" என்றேன்.

போஸ்லே கெட்ட வார்த்தை ஒன்றின் முதல் பாதியைச் சொல்லிவிட்டார்.

"அவங்க வரமாட்டாங்க" என்றார் குல்கர்ணி.

"கேட்டாங்களே. கல்யாணமான புதுசுல."

சாவந்த் முதல்முறையாக வாயைத் திறந்தார். "கேட்டது நிஜம்தான். யாரு போய்ச் சொல்றது?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். போன மாதம் வரை என் வேலை, கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளர்களிடம் பேசுவது. அதைத்தான் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

வெளியே வந்து ரயில் டிக்கெட்டை ரத்து செய்தேன். அக்காவிடம் சொன்னேன். "அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?" என்றாள். மாவு இன்னும் சரியாகப் பொங்கவில்லை என்று சொல்லச் சொன்னேன். மராத்தி பேச மாமா வேண்டும். அவரிடம் பாரின் பெயரைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்றேன். "ஹாஸ்பிடல்னா வரேன் நா" என்று உடனே ஒத்துக்கொண்டார். பாவம்.

காலையில் போகிறோம். வாக்கிடம் பேசப் போவதில்லை. நேராக அண்ணியிடம் போய், உங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, ஜன்னலோரம், காற்று வரும், ஊதுபத்தி ஏற்றுவதற்குள் வந்து உட்கார வேண்டும் என்று சொல்லப்போகிறேன். அதை மராத்தியில் சொல்வது மாமா வேலை. அண்ணி என்னை அடிக்க வந்தால் தடுப்பதும் மாமா வேலை.

மோர்பீஸிலிருந்து கிளம்பும்போதே தாமுவிடம் கேட்டிருந்தேன். அண்ணி வந்து வாக்கின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், நாளைக்கு நான் எங்கே உட்காருவது, மாடியிலா என்று.

தாமு துண்டை மறு தோளுக்கு மாற்றிப் போட்டார். "மேலே இப்ப போர்டு இல்லையே மேடம்" என்றார். "போர்டு இல்லாத இடத்துல உங்களை எப்படி உக்கார வைக்கிறது?"